சென்னையில் வீடு வாங்கலாமா? மடிப்பாக்கத்திலிருந்து ஒரு பதில்

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. பெங்களூரில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிறீர்கள், பெரும்பாக்கம் பக்கம் 900 சதுர அடியில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறீர்கள், 60 லட்சம் சொல்கிறார்கள், முன்பணம் கட்டலாமா என்பது ஒன்று. இந்த ஊர் இப்படிக் கட்டிக்கொண்டே போவதை இங்கேயே குடியிருப்பவனாக நான் எப்படிப் பார்க்கிறேன் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதற்குப் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நான் 1993இலிருந்து மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். படித்தது சிவில். கட்டுமான வேலையிலேயே முப்பது வருடம் போனது. எங்கள் அடுக்ககத்தின் சங்கச் செயலாளராக ஆறு வருடம் இருந்தேன். கட்டுகிறவர்கள் என்ன கணக்குப் போடுகிறார்கள் என்பதும் தெரியும், அந்தக் கணக்கில் விட்டுப்போனது குடியிருப்பவன் தலையில் எப்படி விடிகிறது என்பதும் தெரியும். கட்டிடங்கள் வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். ஊருக்கு வேலை தேடி வருகிறவர்களுக்கு வீடு வேண்டும், அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். எனக்குள்ள மனக்குறை வரிசையைப் பற்றியது. மழைத்தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும், குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும், சாக்கடை எங்கே போய்ச் சேரும், வேலைக்குப் போக பஸ் எது என்று நான்கையும் முடித்துவிட்டு அப்புறம் வீடு கட்ட வேண்டும். சென்னையில் வீடு முதலில் வந்துவிடுகிறது. மற்ற நான்கும் பத்து வருடம், இருபது வருடம் கழித்து ஒவ்வொன்றாக வருகின்றன. அதுவரை அந்தச் செலவையும் அவதியையும் வீடு வாங்கியவர்தான் சுமக்கிறார்.

இது நேற்று ஆரம்பித்த கதை இல்லை. தியாகராய நகர் 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வடித்து, அந்த நிலத்தில் போட்ட நகர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, ஏரிக்கரைதான் காணோம். பழவந்தாங்கல் என்ற பெயரில் உள்ள தாங்கல் என்றால் சிறிய ஏரி. நம் முன்னோர்கள் ஊருக்குப் பெயர் வைக்கும்போதே எங்கே தண்ணீர் நிற்கும் என்று சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களை ரயில்வே ஸ்டேஷன் பலகையில் தினமும் படித்தபடி நாம் மனை வாங்கியிருக்கிறோம்.

வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் 265 ஏக்கர் என்பார்கள். இப்போது 55 ஏக்கர் அளவில் நிற்கிறது. அதை முழுக்கத் தனியார்தான் ஆக்கிரமித்தார்கள் என்று நினைக்காதீர்கள். வீட்டு வசதி வாரியத்துக்கே அங்கே நிலம் ஒதுக்கப்பட்டது. பள்ளிக்கரணையிலும் இதேதான் நடந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்பு 5,000 ஹெக்டேருக்கு மேல் பரவிக் கிடந்த கழுவெளி, அதாவது சதுப்பு நிலம், அது. பெருங்குடிப் பக்கம் அதில் மாநகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள். பல்லாவரம் துரைப்பாக்கம் 200 அடி ரோடு அதன் குறுக்கே போனது. அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள் வந்தன. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக வந்து அமர்ந்தன. வேலை அங்கே போனது, வேலைக்குப் பின்னால் வீடுகள் போயின. மிச்சமிருந்ததில் 1,247 ஹெக்டேருக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம், அதாவது முக்கியமான சதுப்பு நிலம் என்ற சர்வதேச அங்கீகாரம், கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் அந்த எல்லை தரையில் எங்கே ஓடுகிறது என்று அளந்து கல் நடும் வேலை பின்தங்கிப் போனது. எல்லையை அளந்து முடிக்கும் வரை அதற்குள்ளும், அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையும் புதுக் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2025இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. வரிசை என்று நான் சொல்வது இதைத்தான். அங்கீகாரம் வாங்கிய அன்றே எல்லையை அளந்திருந்தால், அதற்கப்புறம் அங்கே வீடு பதிந்தவர்களுக்கு இன்றைக்கு இந்தக் கவலை வந்திருக்காது.

பெரும்பாக்கம் அந்தக் கழுவெளியின் தெற்கு ஓரம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அது அடையாற்றின் கதை. எங்கள் பகுதிக்கு அடையாறு வரவில்லை, வந்தது எங்கள் ஏரிகளின் தண்ணீர். தாம்பரம் பக்கத்திலிருந்து சங்கிலி மாதிரி ஏரிகள், ஒன்று நிரம்பி அடுத்ததுக்கு விடும். கீழ்க்கட்டளை நிரம்பி நாராயணபுரம், நாராயணபுரம் நிரம்பி பள்ளிக்கரணை. அங்கிருந்து ஒக்கியம் மடு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடல். தெற்கே இருக்கும் முப்பது ஏரிகளின் உபரிக்கு இந்த ஒரு வாசல்தான். வாசல் ஒடுங்கினால் தண்ணீர் வீட்டுக்குள் வந்து காத்திருக்கிறது.

அன்று எங்கள் ஸ்டில்ட் பார்க்கிங்கில் தண்ணீர் தெருவழியாக முதலில் வரவில்லை. கார்களுக்கு நடுவே இருந்த ஆள்நுழைவுக் குழியின் மூடி லேசாக ஆடியது. அதைச் சுற்றிக் குமிழ் குமிழாகக் கறுப்புத் தண்ணீர் கிளம்பியது. ஒரு மணி நேரத்தில் கணுக்கால், நள்ளிரவில் இடுப்பு. வாட்ச்மேனும் அவர் மனைவியும் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியையும் அடுப்பையும் மட்டும் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். சம்ப்பின் இரும்பு மூடிக்கு மேல் தண்ணீர் நின்றதால் குடிதண்ணீரும் போனது. மறுநாள் காசிமேடு, நொச்சிக்குப்பம் பக்கத்து மீனவர்கள் ஊரெல்லாம் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். அவர்களுக்கு இந்த ஊர் பட்ட கடன் தீரவே தீராது. எங்கள் தெருவில் ஒரு பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். அவர் மடியில் பத்திரப் பையை அணைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பை என் மனதில் நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு நானும் எங்கள் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுத்துப் படித்தேன். செக்குபந்தியில் நான்கு எல்லை எழுதுவார்கள் அல்லவா, அதில் முதல் வரியே 'வாய்க்காலுக்குத் தெற்கு' என்று இருந்தது. அதுவரை இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பத்திரம் என் வீட்டில் இருந்தது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கியது. எங்கள் வடக்குச் சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் இருக்கிறது என்று அதில் எழுதியிருப்பதை நான் யோசித்ததே இல்லை. ஏனென்றால் தரையில் வாய்க்கால் இல்லை. மூன்றடி அகலத்தில் சிலாப் போட்டு மூடிய ஒரு சாக்கடை இருந்தது, அவ்வளவுதான். நிலத்தின் அளவையும் எல்லையையும் காட்டும் புல வரைபடத்துக்கு விண்ணப்பம் போட்டு வாங்கினேன். அதில் இரண்டு கோடுகளுக்கு நடுவே 'வாய்க்கால்' என்று அழகாக எழுதி, அளவும் போட்டிருந்தார்கள். அந்த அளவில் ஒரு லாரி தாராளமாகப் போகும். எங்களுக்குக் கட்டிக் கொடுத்த பில்டர் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார், எதிர்ப்பக்கத்தில் மனை போட்டவர் இன்னொரு பங்கை எடுத்துக்கொண்டார், மிச்சத்தில் சிலாப் போட்டார்கள். எங்கள் கட்டிடம் அனுமதி வாங்கிய கட்டிடம்தான். வங்கிக் கடனும் கிடைத்தது. சட்ட ஆலோசகர் பார்த்துச் சரி என்று சொன்னதும்தான். எல்லோரும் காகிதத்தைப் பார்த்தார்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒருவரும் மழைநாளில் அந்த இடத்தில் போய் நிற்கவில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு. எண்பதுகளில் கட்டியது. கட்டும்போது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போக வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு வளர்ந்ததில், கடைசியில் இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அவர் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினார். அந்த வேலையை நான் தினமும் போய்ப் பார்த்தேன். அஸ்திவாரத்துக்கு மேல் சுவரைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, அடிக்கு ஒன்று என்று லாரி ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். மேஸ்திரி விசில் அடிப்பார். ஒவ்வொரு ஆளும் தன் முன்னால் இருக்கும் ஜாக்கிகளை வரிசையாக ஒரே அளவு திருகுவார். மறுபடி விசில். இப்படி நான்கடி. அடுத்து இடைவெளியில் செங்கல் கட்டினார்கள். அவருக்கு ஓய்வூதியப் பணம் பெரும்பகுதி அதில் போனது. வீடு மேலே போய்விட்டது. பின்பக்கத்துத் தென்னை மரமும் கிணறும் பள்ளத்தில் நிற்கின்றன. அவர் தூக்கியதால் பக்கத்து வீட்டில் இப்போது தண்ணீர் கூடுதலாக நிற்கிறது. அவர்களும் தூக்கப் போகிறார்கள். ரோட்டுக்கும் வடிகாலுக்கும் ஒரு மட்டம் வைத்து அதை மீறாமல் வேலை செய்திருந்தால் இந்தச் செலவு யாருக்கும் வந்திருக்காது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. எங்கள் தெருவில் போடும்போது நாங்கள் நான்கு பேர் விடிய விடிய நின்று பார்த்துக்கொண்டோம்.

மழைக்கு நேர் எதிர் 2019 கோடை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர் என்று தண்ணீர் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலைக்காரர்களுக்கு அந்த ரயில் வந்தும் பெரிய ஆறுதல் இல்லை, பல இடங்களில் குழாயே கிடையாது. நூற்றுக்கணக்கான வீடுகள் உள்ள வளாகங்கள் முழுக்க முழுக்க லாரித் தண்ணீரில் ஓடின. லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சுற்றியுள்ள கிராமங்களின் வயல் கிணற்றிலிருந்து. நீச்சல் குளம் உண்டு, ஜிம் உண்டு, கிளப் ஹவுஸ் உண்டு என்று விளம்பரம் போட்டு விற்ற இடத்தில், காலை ஆறு மணிக்குச் சங்கத்துப் பொருளாளர் கேட்டில் நின்று லாரிகளை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் கண்ணால் பார்த்தது இது. மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயமாக்கப்பட்ட விஷயம். நல்ல சட்டம், செய்த இடத்தில் பலன் கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் ஃபிளாட்டைச் சுற்றி ஓரடி மண் விடாமல் டைல்ஸ் பதித்துவிட்டு, மூலையில் கணக்குக் காட்ட ஒரு குழி வெட்டினால் நிலத்துக்குள் எதுவும் இறங்காது.

இப்போது திட்டம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். சென்னைக்கு முதல் மாஸ்டர் பிளான் 1976இல், இரண்டாவது 2008இல். இரண்டாவது 2026 வரைக்குமானது. இவற்றைச் சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் போடுகிறது. இரண்டாவது பிளான் வந்தபோது பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டர். 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். ஏறக்குறைய ஐந்து மடங்கு. வெளியே நடக்கும் கண்டபடிக் கட்டுமானத்தை ஒரு கட்டுக்குள் கொண்டுவர இது உதவும் என்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. என் பயம் வேறு. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தபோது எங்கள் மடிப்பாக்கமும் உள்ளே வந்தது. பாதாளச் சாக்கடை வேலை எங்கள் தெருவைத் தொட அதற்கப்புறம் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை செப்டிக் டேங்க் லாரிதான். எல்லைக் கோட்டை ஒரு அரசாணையில் நகர்த்திவிடலாம், சாக்கடைக் குழாயை அப்படி நகர்த்த முடியாதே.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள். 88 ஏக்கர், பிரமாதமான கட்டிடம். பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது, ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிற்க நிலையம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் திருச்சியிலிருந்து வந்து இறங்கிய குடும்பம், குழந்தையையும் மூட்டையையும் வைத்துக்கொண்டு ஆட்டோவிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றது. ரயில் நிலையத்தை முதலில் கட்டி, அடுத்ததாகப் பேருந்து நிலையத்தைத் திறந்திருக்கலாம். கடற்கரை வேளச்சேரி பறக்கும் ரயிலும் இப்படித்தான். 2007இல் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர்தான். ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நில விவகாரத்தில் தூண்கள் வருடக்கணக்காக மொட்டையாக நின்றன. அந்தத் தூண்களை நம்பி ஃபிளாட் வாங்கியவர்கள் எனக்கே பத்துப் பேரைத் தெரியும்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மட்டும் எனக்கு நிஜமாகவே நம்பிக்கை இருக்கிறது. மூன்று வழித்தடம், சுமார் 119 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். எங்கள் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூருக்கு ஒன்று போகிறது. இது ஓட ஆரம்பித்தால் நீங்கள் கேட்கும் இடத்தின் வாழ்க்கையே மாறும். இங்கேதான் என் நண்பர்களோடு எனக்குச் சண்டை வரும் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில், நகரத்துக்கு உள்ளே, உயரமாகக் கட்டட்டும். என் தெருவிலேயே கட்டட்டும். அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர், மயிலாப்பூர் போன்ற இடங்களில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, சாக்கடை இருக்கிறது, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில் எல்லாம் இருக்கிறது. அங்கே பழைய மூன்று மாடிக் குடியிருப்பை இடித்து எட்டு மாடி கட்டினால் பத்துக் குடும்பம் இருந்த இடத்தில் முப்பது குடும்பம் இருக்கலாம். அந்த இருபது குடும்பம் கழுவெளி ஓரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போக வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்டலாம் என்று 2022இல் அடுக்குமாடி உடைமைச் சட்டம் வந்தது. இதை நான் வரவேற்கிறேன். ஒருவர் பிடிவாதத்தில் நாற்பது வீடுகள் விரிசல் விட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தவன் நான்.

ஆனால் உயரம் கூடக்கூடத் தெருவும் கூட வேண்டும். மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்.எஸ்.ஐ. 2019இல் வந்த கட்டட விதிகள் அதைச் சாதாரணக் கட்டிடத்துக்கு 2, உயரக் கட்டிடத்துக்கு 3.25 என்று வைத்தன. அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி மனை என்றால், முதல் கணக்கில் 4,800 சதுர அடி கட்டலாம். அதற்கு மேலும் வேண்டுமென்றால் அரசுக்குப் பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். அந்தப் பணம் அதே தெருவின் வடிகாலுக்கும் குழாய்க்கும் திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதை மாற்ற வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன். கூடுதல் மாடிக்கு ஒரு தெரு சுமை தாங்குகிறது என்றால், அதற்கு வாங்கிய காசு அந்தத் தெருவில்தான் முதலில் இறங்க வேண்டும். அதேபோல 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனையில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக அரசுக்குத் தானப் பத்திரம் செய்து கொடுக்க வேண்டும் என்பது விதி. அது ஊருக்குச் சொந்தமான இடம். பல வளாகங்களில் அதற்கும் கேட் போட்டு வாட்ச்மேனை உட்கார வைத்திருக்கிறார்கள். வெளியில் உள்ள பிள்ளைகள் ரோட்டில் கிரிக்கெட் ஆடுகின்றன.

இந்தப் பேச்சில் யாரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. நீங்கள் பார்த்திருக்கும் ஃபிளாட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை லாரியில் ஏற்றி அங்கே கொண்டு போய் இறக்கினார்கள். அதற்கு முன்னால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே, நகரத்துக்குள்ளேயே மாடி வீடுகள் கட்டிக் கொடுத்தது. மயிலாப்பூரிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் பிறந்து வளர்ந்தவர்களை இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி வைப்பது அப்புறம் வந்த பழக்கம். வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றங்கரையிலிருந்து எடுத்தவர்களைக் கழுவெளியின் ஓரத்தில் குடிவைத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. மயிலாப்பூரில் மூன்று வீட்டில் வேலை செய்த ஒரு அம்மா, பெரும்பாக்கத்துக்கு வந்த பிறகு ஒரு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டார். காலை நான்கரைக்கு எழுந்து பஸ் பிடிக்கிறார். 2021இலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அந்த ஒரு வீடாவது நின்றது என்று என்னிடம் சொன்னார். பள்ளிக்கரணையில் ஒரு சென்ட் ஆக்கிரமித்தவர்களை இடிக்கும் வேகத்தில், ஏக்கர் கணக்கில் வாய்க்காலை மூடியவர்களை யாரும் கேட்பதில்லை. விதிமீறிய கட்டிடங்களுக்கு அபராதம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்று தொண்ணூறுகளின் கடைசியில் சட்டத்தில் ஒரு பிரிவு வந்தது. ஒரே ஒரு முறைக்கு என்றார்கள், திரும்பத் திரும்ப நீட்டினார்கள். 2014இல் மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அந்தச் செய்தி வந்த நாளில் நான் சைட்டில்தான் இருந்தேன். வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

நல்லதும் நடக்கிறது. கிண்டியில் அரசு திரும்ப எடுத்த 160 ஏக்கர் குதிரைப் பந்தய மைதானத்தில் குளங்கள் வெட்டியிருக்கிறார்கள். நகரத்தின் நடுவில், அவ்வளவு விலை போகும் நிலத்தில், தண்ணீருக்கு முதலில் இடம் விட்டது சாதாரண விஷயம் இல்லை. பரந்தூர் விமான நிலையப் பக்கம் போனால் மறுபடியும் மனம் கனக்கிறது. 2022இல் அறிவிப்பு வந்தது. ஏகனாபுரத்து மக்கள் தங்கள் ஏரியையும் வயலையும் காட்டிப் போராடிக்கொண்டிருக்கும்போதே, சுற்றிலும் 'ஏர்போர்ட்டுக்கு அருகில்' என்று மனை விளம்பரம் வந்துவிட்டது.

சரி, உங்கள் ஃபிளாட்டுக்கு வருகிறேன்.

முதலில் காகிதம். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையோ எட்டு வீட்டுக்கு மேற்பட்ட கட்டிடமோ பதிவு செய்யாமல் விற்க முடியாது. பதிவு எண்ணை வாங்கி அதன் தளத்தில் நீங்களே பாருங்கள். 900 சதுர அடி என்று அவர்கள் சொல்வது சுவர், மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாம் சேர்த்த கணக்காக இருக்கும். கார்பெட் ஏரியா எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள், சட்டப்படி அதைத்தான் சொல்ல வேண்டும். மனையில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் ஆயிரம் சதுர அடி கட்டிடத்துக்கு 500 சதுர அடி மண் உங்கள் பங்குக்கு வரும். 3.25 என்றால் 300 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. கட்டிடம் வருடா வருடம் பழசாகும், மண்தான் உங்கள் பிள்ளைக்குப் போய்ச் சேரும். பதிவுச் செலவு, 2023 டிசம்பரில் வந்த முறைப்படி 50 லட்சத்துக்கு மேல் மூன்று கோடி வரை உள்ள புது ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை ஐந்து, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக ஏழு சதவீதம். 60 லட்சத்துக்கு 4,20,000 ரூபாய். இதைத் தனியாக எடுத்து வையுங்கள், கடனில் எல்லா வங்கியும் தராது.

வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் வக்கீல் பார்த்துவிடுவார். வக்கீல் பார்க்காத இரண்டை நீங்கள் பார்க்க வேண்டும். ஒன்று, அந்த சர்வே எண்ணின் புல வரைபடமும் கிராம வரைபடமும். உங்கள் எண் மட்டும் போதாது, சுற்றியுள்ள எட்டு எண்களையும் பாருங்கள். வாய்க்கால், ஓடை, ஏரி உள்வாய், கழுவெளி என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அந்த நிலம் முன்பு என்ன வகைப்பாட்டில் இருந்தது? இன்னொன்று, ராம்சார் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், அனுமதி எந்தத் தேதியில் வாங்கியது. ஒரு கிலோமீட்டருக்குள் என்றால், எல்லை அளந்து முடிந்து அறிவிப்பு வரும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விற்பனைப் பிரிவில் இருக்கும் பையன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், அவன் சொல்லும் தேதியை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம்.

இரண்டாவது, மனிதர்கள். சைட்டுக்கு நேர் எதிரே இஸ்திரி வண்டி இருந்தால் அவரிடம் கேளுங்கள், பத்து வருடமாக அந்த இடத்தில் நிற்பவருக்கு 2015இலும் 2021இலும் 2023 டிசம்பர் புயலிலும் தண்ணீர் எது வரை வந்தது என்று தெரியும். சுவரில் கையை வைத்தே காட்டுவார். பக்கத்து வளாகத்தில் காலை ஆறு மணிக்கு எத்தனை தண்ணீர் லாரி நுழைகிறது என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா, சும்மா பெயருக்கு இருக்கிறதா என்று அங்குள்ள சங்கத்தாரிடம் விசாரியுங்கள். மெயின்டனன்ஸில் லாரித் தண்ணீருக்கு மட்டும் மாதம் எவ்வளவு போகிறது என்று தெரிந்தால், உங்கள் 60 லட்சம் உண்மையில் எத்தனை லட்சம் என்று விளங்கும்.

என் மனதில் உள்ளதைக் கேட்டால், அதே 60 லட்சத்துக்கு ஆதம்பாக்கத்திலோ, நங்கநல்லூரிலோ, குரோம்பேட்டையிலோ இருபது வருடப் பழைய, இதைவிட நூறு சதுர அடி குறைவான வீடு கிடைத்தால் அதை வாங்கச் சொல்வேன். ரயிலுக்கு நடந்து போகலாம், இரண்டு மழைக்காலத்தில் அது எப்படி நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். பெரும்பாக்கம்தான் வேண்டும் என்றால், வேலைக்கு அது பக்கம் என்பது எனக்குப் புரிகிறது, சர்வே எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள். கிராம வரைபடத்தோடு வைத்து நான் பார்த்துச் சொல்கிறேன். முன்பணத்தை ஐப்பசி முடியும் வரை தள்ளிப் போடுங்கள். நல்ல மழை இரண்டு நாள் விடாமல் பெய்யட்டும், மூன்றாம் நாள் காலையில் கிளம்பி வாருங்கள், நானும் கூட வருகிறேன். ஒக்கியம் மடுவிலிருந்து ஆரம்பித்து அந்த சைட் வரைக்கும் தண்ணீர் வந்த வழியே நடந்து பார்த்துவிடுவோம். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள்.